க்ளியர் என்று சொன்ன பிறகு

சொல்லிவிட்டேன். ரன்வே க்ளியர் என்று வாக்கிடாக்கியில் சொல்லிவிட்டேன், டவரில் இருக்கிற ஷோபா தேங்க்யூ மேடம் என்று சொல்லிவிட்டாள், கஜேந்திரன் அண்ணன் ஜீப்பைப் பக்கவழிக்குத் திருப்பி மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து நிறுத்தியும்விட்டார். மணி நாலு முப்பத்திரண்டு. முடிந்தது. பிறகு ஏன் தொண்டையில் மாத்திரை நின்றுவிட்ட மாதிரி இருக்கிறது. எதையோ பார்த்தேன். இல்லை, பார்க்கவில்லை, பார்த்திருந்தால் அப்போதே சொல்லியிருப்பேனே. பதினோரு வருஷமாக இதுதானே வேலை. இரண்டரை கிலோமீட்டர் ரன்வேயை ஒரு நாளைக்கு நாலு தடவை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்துக்கொண்டே போவது. கல், ஆணி, செத்த பறவை, பிய்ந்த டயர்த் துண்டு, எது கிடந்தாலும் இறங்கிப் பொறுக்குவது. ஒரு விமானம் இறங்கி அடுத்தது வருவதற்குள் கிடைக்கிற ஆறேழு நிமிஷத்தில் உள்ளே புகுந்து வெளியே வந்துவிட வேண்டும். இன்றைக்கு அந்த ஆறேழும் இல்லை. டிசம்பர் இருபத்துநாலு. நாலு நிமிஷம்தான் மேடம், ப்ளீஸ் என்றாள் ஷோபா. அவள் குரலில் ப்ளீஸ் வந்தால் வானத்தில் வரிசை நீண்டுவிட்டது என்று அர்த்தம். அவள் முகத்தை நான் பார்த்ததில்லை. நாலு வருஷமாகக் குரல் மட்டும்தான். அந்தக் கண்ணாடிக் கூண்டிலிருந்து அவளுக்கு நான் ஒரு மஞ்சள் ஜீப், எனக்கு அவள் ஒரு குரல். நாலு நிமிஷம் என்றால் வேகமாகத்தான் போக வேண்டும். வேகமாகப் போனோம். எதிரே வெயில். டிசம்பர் மாத வெயில் நாலரை மணிக்கு நேராகக் கண்ணுக்குள் வந்து உட்காரும். சார்லி என்று நாங்கள் சொல்கிற பக்கவழியைத் தாண்டும்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன். கண்ணைச் சுருக்கினேன். கையைப் புருவத்தில் வைத்தேன். அப்போதுதானே. அப்போதுதான் இடது பக்கம் ஓரக்கண்ணில் ஒன்று. ஒன்றுமில்லை. ஒன்று.

இதோ வருகிறது. சொன்னபடி இறங்குகிறது, வெள்ளை உடம்பு, வாலில் பச்சை, சக்கரம் தொட்ட இடத்தில் புகை. சார்லியைத் தாண்டுகிறது, என் நகம் உள்ளங்கையில் புதைகிறது, தாண்டிவிட்டது. ஒன்றும் ஆகவில்லை. பார்த்தாயா செண்பகவல்லி, ஒன்றும் ஆகவில்லை. நூற்றெண்பது பேர் இந்நேரம் பெல்ட்டைக் கழற்றாதீர்கள் என்று சொல்லச் சொல்லக் கழற்றிக்கொண்டிருப்பார்கள், மேலே கையை நீட்டிப் பையை இழுப்பார்கள், கேக் பெட்டி நசுங்கிவிட்டதா என்று பார்ப்பார்கள். டெர்மினலுக்குள் மதியம் எட்டிப் பார்த்தேன், கால் வைக்க இடமில்லை. பஞ்சு ஒட்டின பிளாஸ்டிக் மரம், அதன் கீழே காலி அட்டைப்பெட்டிகளைத் தங்கக் காகிதத்தில் சுற்றி அடுக்கியிருக்கிறார்கள், ஒரு குழந்தை அதைப் பிரித்தே ஆக வேண்டும் என்று அழுகிறது. பக்கத்திலேயே கறுப்பு வேட்டியில் ஐயப்ப சாமிகள் இருமுடியை மடியில் வைத்துக்கொண்டு வரிசையாகத் தரையில். அரையாண்டு லீவு விட்ட பிள்ளைகள். வளைகுடாவிலிருந்து வந்தவர்களின் கயிறு கட்டின பெட்டிகள். அத்தனை பேரும் ஏதோ ஒரு வாசலில் போய் நிற்க வேண்டும், யாராவது கதவைத் திறக்க வேண்டும். இன்னாசி சாருக்குக் கிறிஸ்துமஸ் என்றுதான் நான் இன்றைக்கு அவர் ஷிஃப்டை எடுத்தேன். அவர் இருந்திருந்தால் அவர் பார்த்திருப்பார். அல்லது பார்க்காமல் நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருப்பார். அவருக்குத் தொண்டையில் எதுவும் நிற்காது. எனக்கு மட்டும்தான் நிற்கும், போன வருஷத்திலிருந்து.

போன வருஷம் தீபாவளிக்கு முந்தின நாள். இதே மாதிரி கூட்டம், இதே மாதிரி வெயில், எதிரே பளபளவென்று ஒன்று, நான் நிறுத்தச் சொன்னேன். பதினான்கு நிமிஷம் ரன்வே மூடினது. இரண்டு விமானம் இறங்க வந்து இறங்காமல் மேலே ஏறிப்போனது, எண்ணெய் குறைந்த ஒன்றைப் பெங்களூருக்கு அனுப்பினார்கள், தீபாவளிக்கு வந்தவர்கள் பெங்களூரில் பஸ் தேடினார்கள். இறங்கிப் பார்த்தால் பிஸ்கட் பாக்கெட்டின் உள்தாள். எங்கிருந்தோ பறந்து வந்த வெறும் ஜிகினாத் தாள். அதைக் கையில் பிடித்துக்கொண்டு நான் நின்றது எனக்கு இப்போதும் முதுகில் தெரிகிறது. வாக்கிடாக்கியில் சொல்வதை எல்லோரும் கேட்பார்கள், பைலட்டுகள், தீயணைப்பு வண்டிக்காரர்கள், பெட்டி ஏற்றுகிறவர்கள், எல்லோரும். மறுநாள் கேண்டீனில் என் மேஜையில் யாரோ ஒரு பிஸ்கட் பாக்கெட்டை வைத்திருந்தார்கள். அன்றிலிருந்து நான் பிஸ்கட் மேடம். முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை, முதுகு திரும்பினதும் சொன்னார்கள், அது நேரே சொல்வதைவிட நன்றாகக் கேட்கும். கண் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கறுப்பு அறை, ஒரு கண்ணை மூடு, மறு கண்ணை மூடு, கடைசி வரியைப் படி. எல்லா வரியையும் படித்தேன். உங்க கண் அருமையா இருக்கும்மா என்றார் டாக்டர், ஏதோ பரிசு கொடுக்கிற மாதிரி. கண்ணில் கோளாறு இல்லை என்றால் கோளாறு எங்கே. அந்த அறையிலிருந்து வெளியே வரும்போது அதைத்தான் யோசித்தேன். கண் நன்றாகப் பார்க்கிறது, அதற்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவள்தான் சரியில்லை.

அதற்கப்புறம்தான் கேஸ் அடுப்பு ஆரம்பித்தது. மூடினேனா. மூடினேன். திரும்பிப் போய்ப் பார், மூடியிருக்கிறது. படி இறங்கினால் மூடியிருந்ததைப் பார்த்தேனா, இல்லை பார்த்த மாதிரி நினைத்தேனா. மறுபடி மேலே. கதவுப் பூட்டை ஏழு தடவை இழுத்துப் பார்ப்பேன், எட்டாவது தடவை இழுத்தால் பூட்டே உடைந்துவிடும் என்று தோன்றும்போதுதான் விடுவேன். வீட்டுக்காரர் திட்டவில்லை. சிவநேசன் யாரையும் திட்டுகிறவர் இல்லை. தினமும் காலையில் அடுப்புத் திருகை மூடிவிட்டு அதைப் போனில் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புவார், இந்தா, சந்தேகம் வந்தா பாத்துக்க என்று. இப்போதும் சட்டைப்பையில் இருக்கிறது இன்றைக்கு எடுத்த படம். அப்படியென்றால் இதுவும் அடுப்புதான். ரன்வே நடுவில் ஒரு அடுப்பு. திரும்பிப் போய்ப் பார் என்கிறது. போய்ப் பார்த்தால் ஒன்றுமே இருக்காது. எனக்குத் தெரியும். கேண்டீனில் இந்தத் தடவை கேக் வைப்பார்கள்.

"என்ன மேடம், வேர்க்குது உங்களுக்கு?" கஜேந்திரன் அண்ணன் திரும்பிப் பார்க்கிறார்.

"அண்ணே, சார்லி தாண்டுறப்ப இடது பக்கம் ஏதாச்சும் பாத்தீங்களா?"

"வெயிலு மேடம். ரோட்டப் பாத்து ஓட்றதே பெருசாப் போச்சு. ஏன்?"

"ஒண்ணுமில்ல."

ஒன்றுமில்லை. அந்தப் பக்கம், ரன்வேயின் அடுத்த முனையில் ஒன்று மெல்ல உள்ளே திரும்புகிறது. வாலில் சிவப்பு. முழுக்க நிரம்பினதுதான், இன்றைக்குக் காலி சீட்டோடு எது போகிறது. ஷோபா அதை ரன்வேயில் வந்து நின்று தயாராக இருக்கச் சொல்கிறாள். அதன் மூக்கு என்னை நோக்கித் திரும்புகிறது. இன்னும் ஒரு நிமிஷம், ஒன்றரை. ஓடத் தொடங்கினால் சார்லி வரும்போது முழு வேகத்தில் இருக்கும். இறங்குகிற விமானம் வேறு, அது வேகத்தைக் கொட்டிக்கொண்டே வரும். ஏறப்போகிறது வேகத்தை வாங்கிக்கொண்டே வரும், இரண்டு எஞ்சினும் எதிரே இருக்கிற எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொண்டு. அந்த நேரத்தில் ஒரு சின்ன இரும்பு போதும். பயிற்சி வகுப்பில் படம் காட்டினார்கள். அதை இப்போது நினைக்காதே. யோசி. அடுப்பு மாதிரிதானா இது. அடுப்பு எப்படி வரும். அடுப்பு எப்போதும் முழுசாக வரும், நீல ஜுவாலை, புகை, திரைச்சீலை பற்றிக்கொள்வது, பக்கத்து வீட்டுக்காரி கத்துவது எல்லாம் சேர்த்து, நானே உட்கார்ந்து வரைந்த மாதிரி. பிஸ்கட் தாளும் அப்படித்தான், பளபளவென்று என் முகத்தைப் பார்த்துக் கூப்பிட்டது. இது கூப்பிடவில்லை. இதில் பளபளப்பே இல்லை. இது என்ன. கறுப்பு. ஒரு கோடு. ரன்வே முழுக்கக் கறுப்புக் கோடுதான், டயர் தேய்ந்த ரப்பர், பதினோரு வருஷமாக அதைத்தான் பார்க்கிறேன், எல்லாம் நீளவாக்கில், விமானம் ஓடுகிற திசையில். இது அப்படி இல்லை. இது சாய்ந்து கிடந்தது. எல்லாக் கோடும் ஒரு பக்கம் போக இது மட்டும் குறுக்கே சாய்ந்து. வெயில் எந்தப் பக்கம். ஜீப்பின் நிழலைப் பார்க்கிறேன். ஜீப்பின் நிழல் சாய்ந்து கிடக்கிறது. கஜேந்திரன் அண்ணன் வெளியே நீட்டின முழங்கையின் நிழலும் அதே சாய்வில். அடக் கடவுளே. நான் பொருளைப் பார்க்கவேயில்லை. அதன் நிழலைத்தான் பார்த்தேன். தாளுக்கு நிழல் கிடையாது. தரையோடு ஒட்டிக் கிடப்பது எதற்கும் நிழல் கிடையாது. நிழல் இருந்தால் அது நிமிர்ந்து நிற்கிறது.

கை தானாகப் பொத்தானை அழுத்துகிறது. அழுத்தினபின்தான் பயம் வருகிறது. எல்லோரும் கேட்பார்கள். கேட்கட்டும். எங்கள் மேனேஜர் பத்ரி சார் கேட்பார். கேட்கட்டும். டவர், ரன்வேயில் சார்லிக்கு அருகே ஏதோ கிடப்பதாகச் சந்தேகம், எல்லாப் போக்குவரத்தையும் நிறுத்துங்கள். இங்கிலீஷில்தான் சொன்னேன், விதி அப்படி, ஆனால் கடைசியில் வாயிலிருந்து தமிழில் வந்தது. "நிறுத்து ஷோபா." பெயர் சொல்லக்கூடாது. சொல்லிவிட்டேன். ஒரு நொடி வாக்கிடாக்கியின் இரைச்சல் மட்டும். அந்த ஒரு நொடியில் எனக்கு நாற்பத்தைந்து வயதும் சேர்ந்து ஏறினது. பிறகு ஷோபாவின் குரல், பதற்றமில்லாமல், எழுத்து எழுத்தாக. சிவப்பு வாலுக்கு, அங்கேயே நில். இறங்க வந்துகொண்டிருந்ததற்கு, இறங்காதே, மேலே ஏறு. தலைக்கு மேல் அது உறுமிக்கொண்டு ஏறுகிறது, வயிற்றுக்குள் மடக்கிக்கொண்டிருக்கிற சக்கரங்கள் தெரிகின்றன. அதற்குள் இருக்கிறவர்கள் எல்லோரும் இப்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். என்னால். பிறகு எனக்கு. மேடம், ரன்வேக்குள் போகலாம்.

சார்லி வரைக்கும் ஊர்ந்து போகிறோம். வெயில் இப்போது முதுகில். நான் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டியிருக்கிறேன். ரப்பர்க் கோடு, ரப்பர்க் கோடு, விளக்கு, வெள்ளைப் பட்டை, ரப்பர்க் கோடு. சார்லியைத் தாண்டிவிட்டோம். இன்னும் கொஞ்சம். இன்னும். ஒன்றுமே இல்லை. அடுப்பு மூடித்தான் இருக்கிறது. போன் அடிக்கிறது, பத்ரி சார்.

"செண்பகவல்லி, மேல எட்டு ஃப்ளைட் சுத்திட்டு இருக்கு. என்ன கிடைச்சுது?"

"இன்னும் கிடைக்கல சார்."

"கிடைக்கலயா, இல்லயா?"

போனைக் காதில் வைத்தபடியே தரையைத் தேடுகிறேன்.

"மறுபடியும் அதே கதையா? ரெண்டு நிமிஷம் தரேன். க்ளியர் கொடுத்துட்டு வெளிய வாங்க. மத்தத நாளைக்குப் பேசிக்கலாம்." வைத்துவிட்டார். நாளைக்கு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். இந்தத் தடவை கண் டாக்டரோடு நிற்காது. ஷோபா கேட்கிறாள், மேடம், நிலைமை சொல்லுங்க. பொத்தானில் கட்டைவிரல். க்ளியர். நாலே நாலு எழுத்து. சொல்லிவிட்டால் எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள், நானும் போவேன், கிடைக்காத ஒன்றுக்காக யாரும் யாரையும் தூக்கில் போடப் போவதில்லை. ஆனால் அது சாய்ந்திருந்ததே. நான் வரைந்ததில்லை அது, என்னால் அவ்வளவு சின்னதாக வரைய வராது.

"அண்ணே, உங்களுக்கு என்ன தோணுது?"

கஜேந்திரன் அண்ணன் ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுக்காமல் சொன்னார், "எனக்கு ஒண்ணும் தெரியல மேடம், பொய் சொல்லக் கூடாது. ஆனா உங்களோட பதினோரு வருஷம் வண்டி ஓட்றேன். போன மார்ச்ல எனக்குத் தெரியாத ஆணி உங்களுக்குத் தெரிஞ்சுது. நீங்க எத்தன தடவ போகச் சொன்னாலும் போறேன். முடிவு மட்டும் நீங்க சொல்லுங்க."

போன மார்ச்சில் ஓர் ஆணி. ஆமாம், எடுத்தேன். அதை நான் மறந்தே போயிருக்கிறேன். பதினோரு வருஷத்தில் எத்தனை எடுத்திருப்பேன், பை நிறைய, அதில் ஒன்றுகூட எனக்கு ஞாபகம் வரவில்லை, ஒரே ஒரு தாள் எல்லாவற்றின் மேலும் ஏறி உட்கார்ந்துவிட்டது. யோசி. எப்போது பார்த்தேன், எதிரே வெயில் இருந்தபோது. இப்போது வெயில் முதுகில். வெயில் முதுகில் இருந்தால் நிழல் பொருளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். இந்தத் திசையிலிருந்து பார்த்தால் எனக்கு எப்படித் தெரியும். பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியுமே இது. "டவர், இன்னும் ஐந்து நிமிஷம் வேண்டும்." எனக்கே தெரியாத குரல் அது. "ரன்வே க்ளியர் இல்லை. க்ளியர் இல்லை என்று பதிவு செய்துகொள்ளுங்கள்." திருப்புங்கண்ணே, வெயிலைப் பார்த்துப் போங்க, நடக்கிற வேகத்தில். இல்லை, நிறுத்துங்க, நானே நடக்கிறேன். இறங்குகிறேன். சிமெண்டின் சூடு பூட்ஸுக்குள் வருகிறது. நடுவில் இவ்வளவு அகலமாக இருக்குமா இது, ஜீப்பிலிருந்து பார்த்தால் தெருவாக இருக்கும், இறங்கி நின்றால் மைதானம். ஆளே இல்லை. அந்தக் கோடியில் சிவப்பு வால் என்னைப் பார்த்து மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது, அதன் ஜன்னல்களுக்குப் பின்னால் எல்லோரும் இந்நேரம் என்னைத்தான் திட்டிக்கொண்டிருக்க வேண்டும், யார் என்று தெரியாமல். மண்டி போடுகிறேன். கன்னத்தைத் தரைக்குக் கிட்டே கொண்டுபோகிறேன், ரப்பர் வாசனை, எண்ணெய் வாசனை. இந்த உயரத்திலிருந்து பார்த்தால் ரன்வேயில் ஒவ்வொரு மேடும் தெரிகிறது, விளக்குகளின் குட்டை நிழல்கள் தெரிகின்றன, எல்லாம் சாய்ந்து, எல்லாம் ஒரே சாய்வில், வரிசையாக, நடுக்கோட்டில். ஒன்று, ஒன்று, ஒன்று. அங்கே இரண்டு. ஒரு விளக்குக்கு இரண்டு நிழல்.

ஓடினேன். இந்த உடம்போடு நான் கடைசியாக எப்போது ஓடினேன் என்று தெரியவில்லை. நான் தேடின இடத்திலிருந்து நூறடியாவது தள்ளி இருந்தது. நடுவிளக்கின் மேட்டில் இடித்து நின்றுகொண்டிருந்தது. இடது பக்கம் கிடந்ததை அந்தப் பச்சை வால் இறங்கிப் போன காற்று நடுவுக்குத் தள்ளியிருக்கிறது, அதனால்தான் நாங்கள் ஓரத்தையே தேடிக்கொண்டு தாண்டிப் போயிருக்கிறோம். ஒரு சாண் நீளம். எந்த விமானத்தின் வயிற்றிலிருந்து விழுந்ததோ, கறுத்த கனமான இரும்பு, ஒரு முனை பிய்ந்து கத்தியாக, மறுமுனையில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு போல்ட் நிமிர்ந்து நிற்கிறது. கையில் எடுத்தேன். சுட்டது. கனத்தது. எவ்வளவு கனம். இவ்வளவு சந்தோஷமாக ஒரு கனத்தை நான் தூக்கினதே இல்லை, என் மகளைத் தவிர. இருக்கிறது. இருந்தது. நான் பார்த்தது இருந்தது. கண்ணும் சரி, அதற்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவளும் சரி. உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது, அழவில்லை, அதைத் தலைக்கு மேல் இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினேன், டவர் இருக்கிற திசையில். இவ்வளவு தூரத்திலிருந்து தெரியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கூண்டில் பைனாகுலர் உண்டு.

"மேடம்." ஷோபாவின் குரல். விதியெல்லாம் எங்கேயோ போய்விட்டது, தமிழில் பேசினாள், மலையாளம் கலந்த தமிழ். "மேடம், நான் பாத்தேன். எனக்குத் தெரியுது. அது என்ன மேடம், அவ்ளோ பெருசா?"

"ஒரு சாண்," என்றேன். மூச்சு வாங்கினது. "போல்ட்டோட. நடுக்கோட்டுல."

பிறகு வாக்கிடாக்கியில் வேறு ஒரு குரல், ஆண் குரல், சிவப்பு வாலின் கேப்டன். அவர் இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார், எங்கள் பாதையில் இருந்த அந்தப் பொருளை எடுத்தவருக்கு நன்றி சொல்லுங்கள், இங்கே நூற்று எண்பத்தாறு பேர் இருக்கிறோம். எல்லோரும் கேட்டிருப்பார்கள். தீயணைப்பு வண்டிக்காரர்கள், பெட்டி ஏற்றுகிறவர்கள், கேண்டீன். கேட்கட்டும். கஜேந்திரன் அண்ணன் ஜீப்பைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தி, இறங்கி, அந்த இரும்பைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எம்மா," என்றார். அதை முன்சீட்டில், என் இடத்தில், குழந்தையைப் படுக்கவைக்கிற மாதிரி வைத்தார். இன்னும் ஏதாவது கிடக்கிறதா என்று இரண்டு பேரும் ஒரு தடவை முழுக்க நடந்தும் ஓட்டியும் பார்த்தோம். இல்லை. இந்தத் தடவை இல்லை என்றால் இல்லை, தொண்டையில் எதுவும் நிற்கவில்லை. வெளியே வரும்போது பத்ரி சார் போன் செய்தார். "நீங்க க்ளியர் குடுத்திருந்தா," என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. "நான் உங்கள அவசரப்படுத்தினேன் செண்பகவல்லி. ரிப்போர்ட்ல அதையும் எழுதுங்க." எழுதுகிறேன் சார் என்றேன். சும்மா சொல்லவில்லை. எழுதுவேன்.

மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஜீப்பை விட்டு இறங்கி நிற்கிறேன். சிவப்பு வால் ஓடத் தொடங்குகிறது. முதலில் சத்தமில்லை, பிறகு தரை நடுங்குகிறது, பிறகு நெஞ்சு. வா. சார்லிக்கு வருகிறது, நான் மண்டி போட்ட இடம், தாண்டுகிறது, எதுவும் தடுக்கவில்லை, மூக்கு நிமிர்கிறது, சக்கரம் தரையை விட்டு ஒரு அங்குலம், ஒரு அடி, ஒரு பனை உயரம். கத்துகிறேன். என்ன கத்துகிறேன் என்று எனக்கே கேட்கவில்லை, எஞ்சின் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறது. பக்கத்தில் கஜேந்திரன் அண்ணனும் வாயைத் திறந்து கத்துகிறார், தொப்பியைக் கழற்றி ஆட்டுகிறார், ஐம்பத்தாறு வயது மனுஷர். அது போய்விட்டது. இப்போது கிழக்கே பார்க்கிறேன். எட்டும் வரிசைக்கு வந்துவிட்டன. வெளிச்சம் குறைந்த வானத்தில் ஒன்றின் பின் ஒன்றாக விளக்குகள், கிட்டே இருப்பது பெரிதாக, அடுத்தது சிறிதாக, கடைசி ஒன்று நட்சத்திரமா விமானமா என்று சொல்ல முடியாத அளவுக்கு. அத்தனை பேரும் இவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருந்தார்கள். கீழே எல்லாம் சரியாக இருக்கிறது. நான் பார்த்துவிட்டேன். வாங்க, என்று கையை உயர்த்திச் சொல்கிறேன். ஒவ்வொருத்தரா வாங்க.